வெல்ஷ் கிராமத்து இசைவிழாவுக்கு லோகோ வரைகிறேன், மூன்று தடவை மண்ணைக் கவ்வியாச்சு

மேட்டுத்தெரு
வணக்கம் மக்களே. நான் வேல்ஸில் அபெரிஸ்ட்வித்தில் இருக்கிறேன், ஆறு வருஷமாகத் தனியாக டிசைன் வேலை. வடக்கே குவினெத் பக்கம் ஒரு கிராமத்தில் ஜூலையில் ஒருநாள் இசைவிழா நடத்துகிறார்கள். ஒரு வயல், இரண்டு மேடை, ஒரு சாராயக் கூடாரம். பாட்டு, அறிவிப்பு, வரிசையில் நிற்கும்போது போடுகிற சண்டை எல்லாமே வெல்ஷ் மொழியில்தான். இத்தனை வருஷம் யாரோ ஒரு பையன் வேர்டில் அடித்த போஸ்டரை வைத்து ஓட்டியிருக்கிறார்கள், இந்த வருஷம் முறையாக லோகோ, போஸ்டர், பலகை எல்லாம் வேண்டுமாம். கமிட்டியிடம் கேட்காததால் விழா பெயரை இங்கே போடவில்லை.

ஊர் மண்டபத்தில் முதல் கூட்டம். டீ ஊற்றி முடிப்பதற்குள் பொருளாளர் (விவசாயி, அறுபது வயசிருக்கும்) விரலை மடக்கி எண்ணினார்: டிராகன் வேண்டாம், டாஃபடில் பூ வேண்டாம், லீக் தண்டு வேண்டாம், ஆடு வேண்டவே வேண்டாம், அதெல்லாம் டூரிஸ்ட் கடையில் விற்கிற துண்டில் இருக்கிறது. சரி என்று வந்துவிட்டேன்.

முதல் முயற்சி, ஸ்லேட் கல் நிறத்தில் அடுக்கடுக்காக மலை. "இது எந்த மலை?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு மலையும் முதுகைப் பார்த்தாலே தெரியும், நான் வரைந்தது எங்கேயும் இல்லாத மலை. போச்சு.

இரண்டாவது, விழா என்ற சொல்லுக்கு வெல்ஷில் 'கூயில்', அந்த முதலெழுத்து 'ஜி'யைப் பெரிதாக வைத்து ஒரு முத்திரை. நல்லாத்தான் வந்திருந்தது. கமிட்டியில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இருக்கிறார், அவர் சிரித்துவிட்டார். வெல்ஷில் சொல்லின் முதலெழுத்து இடத்துக்கு ஏற்ப மாறும். 'அந்த விழா' என்று சொன்னால் 'அர் ஊயில்', 'ஜி' காணாமலே போய்விடும். ஒரு போஸ்டரில் ஜி இருக்கும், அடுத்த வரியில் இருக்காது. இது தெரியாமல் ஆறு வருஷம் இங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்.

மூன்றாவதுதான் கொடுமை. லோகோ முடிவாகும் முன்பே கைப்பட்டைக்கு ஆர்டர் போட்டோம், வெறும் எழுத்து மட்டும்தானே என்று. சப்ளையர் தன்னிடமிருந்த ஃபாண்டில் திரும்ப அடித்து ப்ரூஃப் அனுப்பினார். கூயில் என்ற சொல்லில் டபிள்யூவின் தலையில் ஒரு கூரைக்குறி உண்டு, அந்த எழுத்து அவர் ஃபாண்டில் இல்லை. வந்தது என்ன தெரியுமா, ஜி, கேள்விக்குறி, ஒய், எல். விழா என்ற சொல்லையே அடிக்க முடியாத ஃபாண்டை வைத்துக்கொண்டு விழாவுக்குக் கைப்பட்டை.

இப்போது கேள்வி இரண்டு. ஒன்று, எதை வைத்து அடையாளம் கட்டுவது. இரண்டு, பலகைகளில் ஆங்கிலமும் போட வேண்டுமா. கமிட்டியே பாதிக்குப் பாதி பிரிந்து கிடக்கிறது. பட்ஜெட் சின்னது, இரண்டு நிறத்துக்கு மேல் அச்சுக்கு வழியில்லை.

சும்மா_வந்தேன்
டிராகனும் ஆடும் வேண்டாம்னா வேல்ஸில் மிச்சம் மழைதான் தம்பி. மழையை வரை.

ஈய_எழுத்து
சிவகாசியில் முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவன். தம்பி சொல்கிற கேள்விக்குறி எனக்குப் பழக்கமான வியாதி. அச்சுக்கோத்த காலத்தில் பெட்டியில் ஒரு எழுத்து தீர்ந்துபோனால் வேறு பாயிண்டில் இருப்பதை எடுத்துச் சொருகுவோம், பக்கத்தைப் பார்த்தாலே பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். ணை, லை, னை எல்லாம் துதிக்கை வைத்து எழுதிய காலம் உண்டு. 1978ல் அரசாணை வந்து எழுத்து மாறியது, ஆனால் எங்கள் பெட்டியில் பழசும் புதுசும் கலந்தே பல வருஷம் கிடந்தது. ஒரே கல்யாணப் பத்திரிகையில் மேலே ஒரு 'லை', கீழே வேறொரு 'லை'. பெண் வீட்டார் கேட்டால் டிசைன் என்று சொல்லிவிடுவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபாண்டில் அந்த எழுத்து இல்லாவிட்டால், வேறு எழுத்தின் தலையில் இருக்கும் கூரையை வெட்டி டபிள்யூ மேல் ஒட்டலாம் என்று தோன்றும். ஒட்டாதீங்க. அது ஏ, இ மாதிரி குறுகலான எழுத்துக்கு வரைந்த கூரை. டபிள்யூ அகலமான எழுத்து, பெரிய தலைக்குக் குழந்தைக் குல்லா போட்ட மாதிரி இருக்கும். அகலத்தைக் கூட்டி, சரிவைக் குறைத்து, கோட்டின் தடிமனை எழுத்தோடு பொருத்தி வரையணும். பெரிய எழுத்தில் போட்டால் இன்னொரு தொல்லை, கூரை மேல்வரியைப் போய் முட்டும். வரி இடைவெளியை இறுக்கிப் போஸ்டர் போடுகிற ஃபேஷன் அங்கே செல்லாது.

மேட்டுத்தெரு
ஐயா, கையைக் கொடுங்க. நேற்று ராத்திரி உட்கார்ந்து இருபது டிஸ்பிளே ஃபாண்டைச் சோதித்தேன், பெரிய நிறுவனங்களின் ஃபாண்ட் எல்லாம் பாஸ். சின்ன ஆட்கள் செய்து அழகாக விற்கிற ஃபாண்டில்தான் டபிள்யூ கூரையும் ஒய் கூரையும் இல்லை. ஏ, இ, ஐ, ஓ, யூ கூரை ஐந்தும் இருக்கிறது. அவை ஃபிரெஞ்சுக்காரனுக்கு வேண்டும், அதனால் கணினிக்கான பழைய எழுத்துப் பட்டியலான லத்தீன்-1லேயே இடம் கிடைத்துவிட்டது. டபிள்யூவையும் ஒய்யையும் உயிரெழுத்தாக வைத்துக் கூரை போடுகிறவன் வெல்ஷ்காரன், அவனை அந்தப் பட்டியல் போட்டவர்கள் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கூரைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைக் கேளுங்கள்: 'டோ பாஃக்'. டோ என்றால் கூரை, பாஃக் என்றால் சின்ன. சின்னக் கூரை! வேலை என்ன என்றால் உயிரெழுத்தை நீட்டுவது. நம் குறில் நெடில் சமாச்சாரம்தான். குன் என்றால் துப்பாக்கி, கூரை போட்டால் கூன், அதற்கு அர்த்தம் அங்கி. கூரையை மறந்தால் பட்டமளிப்பு விழாவுக்குத் துப்பாக்கியோடு வரச் சொன்னதாகிவிடும்.

கார்டிஃப்_காரி
கூரை கதை சூப்பர். நான் கார்டிஃபில் இருக்கிறேன், பிள்ளைகள் இரண்டு பேரும் வெல்ஷ் வழிப் பள்ளி, வீட்டுப்பாடத்துக்காக நானும் கற்றுக்கொண்டது. இரட்டையெழுத்தையும் மறக்காதீங்க தம்பி. எல் இரண்டு சேர்ந்தால் அது ஒரே எழுத்து, டி இரண்டும் அப்படித்தான், அகரவரிசையில் தனி இடம். என் மகள் போடுகிற வெல்ஷ் குறுக்கெழுத்தில் இரண்டு எல்லும் ஒரே கட்டத்தில் உட்காரும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஸ்டைல் பண்ணினால் அந்த ஜோடியைப் பிரித்துவிடாதீங்க. வேல்ஸ் சுற்றுலாவுக்காகச் செய்த 'கம்ரி வேல்ஸ் சான்ஸ்' ஃபாண்டில் இந்த ஜோடிகளுக்கென்றே ஒட்டிய வடிவம் இருக்கிறது, பார்த்து வையுங்க. (காப்பி அடிக்கச் சொல்லவில்லை.)

இரண்டாவது கேள்விக்கு என் ஓட்டு: வெல்ஷ் மட்டும்.

தேம்ஸ்_கரை
வெல்ஷ் மட்டும் என்று சொல்வது சுலபம் அக்கா. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம், ஐந்தரை லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு, பத்து வருஷம் முன்னால் 19 இருந்தது. குறைந்துகொண்டு போகிற கூட்டத்துக்கு மட்டும் போஸ்டர் அடித்தால் டிக்கெட் யார் வாங்குவது? மலை ஏற வருகிற டூரிஸ்ட் போஸ்டரைப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று போய்விடுவான். நான் லண்டனில் நம் ஆட்களின் நிகழ்ச்சிகளுக்கு எத்தனையோ போஸ்டர் போட்டவன், தமிழில் மட்டும் போட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளே படிக்காது. இரண்டு மொழியும் சரிசமமாக இருக்கட்டும். சட்டமும் அதைத்தானே சொல்கிறது?

கார்டிஃப்_காரி
சட்டத்தைச் சரியாகச் சொல்லுங்க. வெல்ஷை ஆங்கிலத்தைவிடக் கீழாக நடத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம், அதுவும் அரசு, கவுன்சில் மாதிரி அமைப்புகளுக்கு. வயலில் விழா நடத்துகிற ஊர்க்கமிட்டி இரண்டு மொழியிலும் போட்டே ஆகணும் என்று அதில் கிடையாது.

அப்புறம் 17.8 என்பது முழு வேல்ஸுக்கு. குவினெத்தில் அது 64 சதவீதம். அந்த ஊர்ச் சந்தையில், பெட்ரோல் பங்கில், ஆட்டுக்கு ஊசி போடுகிற இடத்தில் வெல்ஷ்தான் ஓடும். லண்டன் கணக்கைக் கொண்டுபோய் அங்கே போட முடியாது. தேசிய ஐஸ்தெட்வொட் (பாட்டு, கவிதைப் போட்டி) விழா 1950ல் கைர்ஃபிலியில் வெல்ஷ் மட்டும் என்று விதி கொண்டுவந்தது, இன்றுவரைக்கும் கூட்டம் வருகிறது. மொழி தெரியாதவர்களுக்கு ஹெட்ஃபோனில் மொழிபெயர்ப்பு கொடுக்கிறார்கள், மேடையை மாற்றவில்லை.

இன்னொன்று. வேல்ஸில் ஒருநாள் கார் ஓட்டினவனுக்குக்கூட 'அரவ்' தெரியும். தார்ரோட்டில் வெள்ளையாக நீட்டி எழுதியிருக்கும், மெதுவாகப் போ என்று அர்த்தம். யாரும் அகராதி பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, வளைவில் பார்த்துப் பார்த்துப் பதிந்தது. பஸ்ஸுக்கு 'புஸ்', டாக்ஸிக்கு 'டாக்சி', ஆம்புலன்ஸுக்கு 'அம்பியூலன்ஸ்', கழிப்பறைக்குத் 'டொய்லெடை'. இதற்கெல்லாம் ஆங்கிலம் எதற்கு? முதலுதவி, அவசர வழி இரண்டுக்கும் படக்குறி போடுங்க, தீ அணைப்பு ஆட்கள் கேட்டால் அந்த இரண்டில் மட்டும் ஆங்கிலமும் சேருங்க. உயிர் போகிற இடத்தில் பிடிவாதம் வேண்டாம்.

தேம்ஸ்_கரை
அந்த 64ஐ நான் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் டிக்கெட் விற்கிற வலைப்பக்கத்தில் ஆங்கிலம் இருக்கணும். பிடிவாதம் வயலோடு நிற்கட்டும்.

சும்மா_வந்தேன்
ஆங்கிலத்திலிருந்து வெல்ஷுக்கு மாற்ற மெஷினை நம்பாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2008ல் ஸ்வான்சீ கவுன்சில் கனரக வாகனம் நுழையக் கூடாது என்று பலகை வைத்தது. கீழே வெல்ஷில் என்ன இருந்தது? "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பவும்." மொழிபெயர்ப்பாளரின் தானியங்கி மின்னஞ்சலை அப்படியே அடித்து ரோட்டில் நட்டுவிட்டார்கள்.

பனங்கூடல்
நான் யாழ்ப்பாணம், இப்ப பிரிஸ்டலில் இருக்கிறன். போன கோடையில் அபெரிஸ்ட்வித் பக்கம் போகேக்குள்ள றோட்டோரம் ஒரு இடிஞ்ச சுவர் கண்டனான். சிவப்பில வெள்ளை எழுத்து, 'கோவியூஃக் த்ரவெரின்', த்ரவெரினை நினைவில் வைத்திருங்கள். 1965இல் லிவர்பூலுக்குத் தண்ணீர் கொண்டுபோக த்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த கப்பெல் கெலின் என்ற கிராமத்தையே மூழ்கடித்த கதை. அந்தச் சிவப்பு வெள்ளையை, கையால் எழுதின அந்தக் கோணல் எழுத்தை விழாவுக்கு எடுக்கலாமே என்று முதலில் நினைத்தேன், பிறகு எழுதினதை அழித்துப்போட்டன். அதை எழுதியே தீர வேண்டும் என்று இருந்தவர்கள் எழுதினது. பியர் கூடாரத்துக்கு மேல் அந்த ஸ்டைலைத் தூக்கி வைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

தம்பி சொன்ன முதலெழுத்துச் சங்கதிக்கு அந்தச் சுவரே சாட்சி. முதல் எழுதினபோது 'ட்ரவெரின்' என்றுதான் இருந்ததாம், இலக்கணப்படி 'ட்'டு 'த்'தாக இளக வேண்டும், பின்னால் திரும்பப் பெயின்ட் அடித்தவர்கள் திருத்திவிட்டார்கள். அவசரத்தில் எழுதினவருக்கும் பிழை வரும்.

மேட்டுத்தெரு
அண்ணா, நானும் அதை மனசில் வைத்து ஒரு ஸ்கெட்ச் போட்டேன், கமிட்டிக்குக் காட்டவில்லை. உங்கள் பதிலைப் பார்த்ததும் அதை அழித்துவிட்டேன். (உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் எப்படி எழுதினாலும் தப்பாகத்தான் வரும் போல. வெல்ஷ் தெரிந்த யாராவது இந்த இழையைப் படித்தால் மன்னியுங்கள்.)

கீதாரி_பேரன்
நான் டிசைனர் இல்லை, ராமநாதபுரம் பக்கம். ஆடு வேண்டாம் என்று சொன்னாரே, அந்தப் பெரியவர் வீட்டில் ஆடு இருக்குமா? இருந்தால் ஆட்டை விட்டுவிட்டு ஆட்டு முதுகில் இருக்கும் சாயத்தைப் பாருங்க. எங்கள் தாத்தா கிடை போடும்போது மந்தை கலந்துவிடக் கூடாது என்று நம் ஆட்டுக்கு மட்டும் ஒரு அடையாளம் வைப்பார். அங்கேயும் இருக்கணும், மேய்ச்சல் மலை பொதுவாக இருக்கிற ஊரில் அது இல்லாமல் முடியாது.

மேட்டுத்தெரு
கீதாரி பேரா, நீங்க டிசைனர்தான்.

சனிக்கிழமை பொருளாளர் பண்ணைக்குப் போனேன். கொட்டகைக் கதவில் வரிசையாகச் சாய ஸ்ப்ரே டப்பா. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நிறம், உடம்பில் ஒரு இடம், ஒரு வடிவம். காதில் வெட்டுகிற அடையாளமும் தனியாக இருக்கிறது, அதற்கு 'நோட் க்ளிஸ்ட்' என்று பெயர், காதுக்குறி. இவருடையது இடது தோளில் நீலக் கோடு, பக்கத்துப் பண்ணைக்குச் சிவப்பு. அந்த நீலமும் சிவப்பும் வழக்கமான பாண்டோன் நிற அட்டையில் தேடினால் கிடைக்காத மாதிரி ஒரு பச்சையான பளிச். ஈரக் கம்பளி மேல் அடித்தாலும் தூரத்திலிருந்து தெரியணும், அதற்காகச் செய்த நிறம். மழை, சேறு, ஜூலையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் இழுக்கிற மங்கல் வெளிச்சம், எங்கள் விழாவுக்கும் அதே பிரச்சினைதானே. நிறம் இரண்டும் முடிவாச்சு.

அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. கூயில் 'அர் ஊயில்' ஆகும்போது ஜி விழுகிறது. ஆனால் கூரை? கூரை அப்படியே இருக்கிறது! ஜி இருந்தாலும் போனாலும் டபிள்யூ தலையில் அந்த இரண்டு கோடு உண்டு. நான் விழுகிற எழுத்தைப் பிடித்துக்கொண்டு முத்திரை செய்திருக்கிறேன், விழாமல் நிற்கிறதைக் குப்பை மாதிரி மேலே விட்டிருக்கிறேன். லோகோ அந்தக் கூரைதான். எழுத்துக்கு மேல் தடிமனாக ஒரு கூரை, ஆட்டுச் சாய நீலத்தில். கீழே வாக்கியத்துக்கு ஏற்றபடி கூயில் வரட்டும், ஊயில் வரட்டும்.

ஈய_எழுத்து
அடிச்சான் பாரு. ஆனால் ஒன்று, வெறும் கூரையைத் தனியாக வைத்தால் வீட்டு மனை விற்கிறவன் லோகோ மாதிரி ஆகிவிடும். எழுத்தோடு சேர்த்தே முதல் வருஷம் ஓட்டுங்க. கண்ணுக்குப் பழகட்டும், அப்புறம் பிரிக்கலாம்.

தேம்ஸ்_கரை
கூரையைப் பக்கவாட்டில் திருப்பினால் அம்புக்குறி. கார் நிறுத்துமிடம் இந்தப் பக்கம், மேடை அந்தப் பக்கம். இரண்டு மொழிச் சண்டையே வேண்டாம்.

கார்டிஃப்_காரி
திருப்பினால் அது டோ பாஃக் இல்லை. நெடிலைக் குப்புறப் போட்ட மாதிரி. டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார், பந்தயம்.

மேட்டுத்தெரு
அக்கா ஜெயித்தாச்சு. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் டீச்சர் அதே வார்த்தையைத்தான் சொன்னார், குப்புற விழுந்த கூரை என்று. பொருளாளர் அம்புக் கட்சி. "காரில் வருகிறவனுக்கு இலக்கணம் வேண்டாம், வயல் கேட் எங்கே என்று தெரிந்தால் போதும்." முக்கால் மணி நேரம். கடைசியில் கூரை நீலத்தில் நிமிர்ந்தே இருக்கும், அம்பு சிவப்பில் தனி வடிவமாக இருக்கும், வாலோடு, கூரையோடு குழம்பாத மாதிரி. எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை, ஒரே வடிவம் எல்லா வேலையும் செய்வதில் ஒரு கெத்து இருக்கிறதே. ஆனால் அச்செடுத்து வாசலில் ஒட்டி நாற்பது அடி தள்ளி நின்று பார்த்தபோது டீச்சர் சொன்னதுதான் சரி.

மொழி விஷயம்: வயலில் வெல்ஷ் மட்டும், முதலுதவிக்கும் அவசர வழிக்கும் படத்தோடு இரண்டு மொழி, டிக்கெட் பக்கத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பொத்தான். தேம்ஸ் அண்ணன் பாதி ஜெயித்தார்.

பட்ஜெட் சின்னது என்றேனே, பலகைக்குக் காசு இல்லை, அதற்கும் பண்ணையே வழி காட்டியது. வயல் ஓரத்தில் பசுந்தீவனத்தைப் பிளாஸ்டிக் சுற்றி உருண்டை உருண்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள், நெஞ்சு உயரம் இருக்கும். அதில் ஸ்டென்சில் வைத்து அடிக்கலாம். ஒரே கண்டிஷன்: ஆணி, ஸ்டேப்ளர் எதுவும் படக் கூடாது. ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று புகுந்து உள்ளே தீவனம் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்டென்சிலைக் கயிறு போட்டுக் கட்டித்தான் அடிக்கணும்.

கீதாரி_பேரன்
விழா முடிந்ததும் போட்டோ போடுங்க. ஆட்டையும் சேர்த்து.

மேட்டுத்தெரு
முடிந்தது. மழை. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து மேடையில் இரண்டாவது குழு ஏறும்வரை விடவில்லை.

உருண்டைகள் அபாரம். ஊர்ச் சாலையிலிருந்து வளைவு திரும்பினதும் பதினொரு உருண்டையில் பதினொரு நீலக் கூரை தெரிந்தது. போஸ்டரைவிட அதைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். சொதப்பல் என்ன என்றால் ஸ்டென்சிலை அட்டையில் வெட்டியிருந்தேன், நாலாவது உருண்டையிலேயே ஊறிப்போய், ஜி உள்பக்கம் வழிந்து ஓ மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, பரவாயில்லை அது எப்படியும் விழுகிற எழுத்துதான் என்றார்.

கைப்பட்டை வேறு ஆளிடம் போட்டோம். அந்தக் கேள்விக்குறி ப்ரூஃப் என்னிடம் இன்னும் இருக்கிறது.

ஈய_எழுத்து
அட்டை சரிப்படாது தம்பி. மூன்று மில்லி பிளாஸ்டிக் ஷீட் வாங்குங்க, எழுத்து நடுவில் பாலம் கொஞ்சம் அகலமாக விட்டு வெட்டுங்க. டபிள்யூவுக்கும் கூரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க? ஃபைலைப் போடுங்க, பார்த்துச் சொல்கிறேன்.

மேட்டுத்தெரு
நாளைக்குப் போடுகிறேன் ஐயா. இன்றைக்கு முழுக்கக் கையில் நீலச் சாயம் போகிற வழியாக இல்லை, கீபோர்டெல்லாம் ஆடு மாதிரி ஆகிவிட்டது.